வீடு, வேலை, பத்தாம் வகுப்பில் மகன்: இவற்றுக்கு நடுவே 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்க முடியுமா?

கேள்வி: வடவள்ளிக்காரி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 41 வயது. கோவை வடவள்ளியில் வசிக்கிறேன்; பீளமேட்டுப் பக்கம் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் நடக்கும் கோயம்புத்தூர் மாரத்தானில் 10 கிலோமீட்டர் பிரிவில் ஓட வேண்டும் என்று இந்த ஆடியில் முடிவெடுத்திருக்கிறேன். 2013 முதல் கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளையின் பணிகளுக்காக நடத்தப்பட்டு வரும் ஓட்டம் அது என்பதுதான் என் முடிவுக்குக் காரணம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை கீமோவுக்கு அழைத்துப் போய், மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அடுத்த கட்டிலில் இருந்த ஓர் அம்மா, பணம் புரளவில்லை என்பதற்காகத் தம் அடுத்த சுற்றைத் தள்ளிப்போட்டார். அதன்பிறகு அவரை நான் அங்கே பார்க்கவில்லை. அக்கா இப்போது நலமாக இருக்கிறாள். அந்த அம்மாவின் முகம் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

என் சிக்கல் நேரம். மகன் பத்தாம் வகுப்பு. காலை ஐந்தரைக்கு டியூஷன். மகளுக்கு ஏழு வயது. கணவர் பம்ப் செட் வார்ப்படத் தொழிற்சாலையில் வாரம் ஒரு ஷிப்டாக வேலை செய்கிறார். மாமியாருக்கு 74 வயது, மூட்டு வலி உண்டு. நல்ல தண்ணீர் எந்த நாளில், எந்த நேரத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்துவிட்டால் மற்ற எல்லா வேலையையும் போட்டுவிட்டுக் குடங்களை நிரப்ப வேண்டும். எட்டேகாலுக்குப் பேருந்தைப் பிடித்தால், வீடு திரும்ப மாலை ஆறே முக்கால் ஆகிவிடும்.

போன ஆண்டும் ஆசைப்பட்டேன். முதல் நாளிலிருந்தே தினமும் மூச்சு வாங்க ஓடினேன். மூன்றாவது வாரத்தில் இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒட்டி வலி பிடித்துக்கொண்டது; நிறுத்திவிட்டேன். இம்முறை வாரத்தில் எத்தனை நாள் ஓடினால் போதும், எப்போது ஓடுவது? வீட்டாருக்குச் சேர வேண்டிய நேரத்தை நான் எடுத்துக்கொள்கிறேனோ என்ற உறுத்தலும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1: காலைநடை

சகோதரி, வணக்கம். நான் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். உங்களுக்கு இன்னும் ஏறத்தாழ இருபது வாரங்கள் இருக்கின்றன. 10 கிலோமீட்டருக்கு அது தாராளமான அவகாசம்.

போன ஆண்டு உங்கள் கால் வலித்ததற்குக் காரணம் உடல் பலவீனமல்ல, அவசரம். ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே மூச்சும் இதயமும் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு இடம் கொடுக்கிறது என்று கூட்டிக்கொண்டே போனால், பின்தங்கியிருக்கும் எலும்புதான் அடி வாங்குகிறது. ஆகவே வாரத்துக்கு மூன்று நாள் போதும். தொடர்ந்து இரண்டு நாள் ஓட வேண்டாம். செவ்வாய், வியாழன் அரை மணி நேரம், ஞாயிறு சற்று நீண்ட தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று நான்கு வாரங்கள் ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பிறகு ஓடும் நிமிடங்களைக் கூட்டி, நடக்கும் நிமிடங்களைக் குறையுங்கள். போட்டியன்றுகூட இடையிடையே நடக்கலாம், அதில் குறையொன்றும் இல்லை. வேகத்தை அளக்கக் கைக்கடிகாரம் வேண்டாம். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடங்கலின்றிச் சொல்ல முடிந்தால் அதுவே சரியான வேகம். ஞாயிற்றுக்கிழமைத் தூரத்தை வாரம் அரை கிலோமீட்டர் அளவில் கூட்டி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே குறைத்து, போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு எட்டைத் தொட்டுவிட்டால் மீதி இரண்டு கிலோமீட்டரை அன்றைய கூட்டமும் உற்சாகமும் இழுத்துக்கொண்டு போய்விடும். இது நான் பலரிடம் கண்டது.

ஞாயிறுகளில் முடிந்தால் ரேஸ்கோர்ஸ் நடைபாதைக்குப் போய்விடுங்கள். ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் என்பதால் தூரக் கணக்கு எளிது, விடியுமுன்பே ஆள் நடமாட்டமும் இருக்கும். மற்ற நாட்களில் மருதமலைச் சாலையின் ஓரமாக இருட்டில் ஓட வேண்டாம். ஆகஸ்டில் ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் வந்துவிடும், டிசம்பரில் ஆறரை ஆகும். அதற்கேற்ப நேரத்தை இப்போதே யோசித்து வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் பக்கம் இந்த மாதங்களில் எதிர்த்து அடிக்கும். அதை வெல்ல முயலாமல் நிதானமாகப் போங்கள். ஐப்பசி மழையில் சில நாட்கள் தவறிப்போகும். தவறியதை மறுநாள் சேர்த்து ஓடி ஈடுகட்ட வேண்டாம்.

கால் எலும்புக்கு ஒரே ஒரு பயிற்சி: இரண்டு கைகளையும் அடுப்பு மேடையில் ஊன்றி, குதிகால்களை மெதுவாக உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். ஒரு தோசை வேகும் நேரத்தில் பன்னிரண்டு, பதினைந்து முறை செய்துவிடலாம். வலி திரும்ப வந்து, எலும்பில் ஒரு விரல் வைத்துக் காட்டும்படி ஓரிடத்திலேயே குத்தினாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அது எலும்பில் நுண்விரிசலாக இருக்கக்கூடும். அதன்மேல் ஓடக் கூடாது.

மறுமொழி 2: இரவுப்பணி

அக்கா, நான் சென்னையில் செவிலியர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஐயா சொன்ன பயிற்சி முறை முழுவதையும் ஏற்கிறேன். அவர் சொல்லாத சிலவற்றைச் சொல்கிறேன், பெண்களுக்கு இவற்றை யாரும் சொல்வதில்லை.

முதலில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். நம் வீடுகளில் பெண்களுக்கு இரத்தசோகை இருப்பது தெரியாமலே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அது 12க்குக் கீழே இருந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் மூச்சு வாங்கும். நமக்கு உடம்பு வளையவில்லை என்று நாமே நம்மைத் திட்டிக்கொள்வோம். எனக்கு 9.4 இருந்தது. மாத்திரை எடுத்து மூன்று மாதத்தில் சரியான பிறகுதான், அதுவரை நான் ஓடியது அரை உடம்போடு என்று புரிந்தது. இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்காதீர்கள், சத்து உடம்பில் சரியாகச் சேராது.

இரண்டாவது, உள்ளாடை. விளையாட்டுக்கென்று விற்கும் இறுக்கமான உள்ளாடைக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். ஓடும்போது சிறுநீர் கசிந்தால் வெட்கப்பட்டு நிறுத்தவும் வேண்டாம். பிரசவத்துக்குப் பின் இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்வதால் பலருக்கும் நேர்வதுதான் அது. சிறுநீரை அடக்குவது போல இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைத் தினமும் செய்தால் பெரும்பாலும் சரியாகும். சரியாகாவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

ஐயாவின் அட்டவணையோடு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். முந்தைய இரவு ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியிருந்தால் அன்று ஓடாதீர்கள், அட்டவணையில் அந்த நாள் இருந்தாலும் சரி. நான் இரவுப் பணி முடித்த கையோடு ஓடிப் பார்த்தவள். வீட்டுக்கு வந்து பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்ததுதான் மிச்சம்.

உறுத்தலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யாருக்கும் தெரியாமல் நேரத்தை மிச்சம் பிடித்து ஓடினால் உறுத்தத்தான் செய்யும். எல்லாரையும் உட்கார வைத்து, எதற்காக ஓடுகிறேன், எந்த மூன்று நாள், எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடுங்கள்; அந்த நேரத்து வேலைகளை யார் செய்வது என்பதையும் அங்கேயே பேசி முடித்துவிடுங்கள். நான் ஓடும் நாட்களுக்கு முந்தைய இரவில் காய் நறுக்கி வைப்பதும் சட்னிக்குத் தேங்காய் துருவுவதும் என் கணவர் பொறுப்பு. அவர் துருவும் தேங்காயில் ஓட்டுத் துகள் கலந்திருக்கும். நான் ஒன்றும் சொல்வதில்லை. மாமியாரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள், கணவர் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள்.

மறுமொழி 3: தெற்குவீதி

தவறாக நினைக்க வேண்டாம், மனத்தில் பட்டதைக் கேட்கிறேன். பதிவுக் கட்டணம், காலணி, உடை என்று ஆகும் செலவை அப்படியே சிகிச்சைக்குக் கொடுத்துவிட்டால் அந்த அம்மாவைப் போன்ற ஒருவருக்கு நேரடியாகப் பயன்படுமே? குடும்பப் பொறுப்புள்ள ஒருவர் இவ்வளவு சிரமப்பட வேண்டுமா?

மறுமொழி 4: ஸ்காபரோ தமிழன்

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, முப்பது ஆண்டுகளாகக் கனடாவில் வசிக்கிறேன். மேலே கேட்டவரின் கேள்வி நியாயமானது. அதற்கு இந்த நாட்டில் கிடைத்த விடையைச் சொல்கிறேன்.

டெர்ரி ஃபாக்ஸ் என்ற இளைஞனுக்கு 1977இல் எலும்புப் புற்றுநோயால் வலது கால் முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்டது. சிகிச்சையின்போது சக நோயாளிகள் பட்ட பாட்டைப் பார்த்து, புற்றுநோய் ஆய்வுக்குப் பணம் திரட்டுவதற்காக 1980 ஏப்ரல் 12 அன்று கிழக்குக் கரையிலிருந்து செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினான். நாளொன்றுக்கு ஏறக்குறைய 42 கிலோமீட்டர். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தபோது நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது தெரிந்து நிறுத்த நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் இறந்தபோது அவனுக்கு 22 வயது. அவன் கேட்டது ஒவ்வொரு கனடியரிடமும் ஒரே ஒரு டாலர். 1981 பிப்ரவரியில் திரண்டிருந்த தொகை 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு மேல்; அன்றைய கனடாவின் மக்கள்தொகைக்கு அது ஏறக்குறைய ஈடு. அவன் கையிலிருந்ததை மட்டும் கொடுத்திருந்தால் எவ்வளவு சேர்ந்திருக்கும்?

அவன் பெயரால் ஒவ்வொரு செப்டம்பரிலும் இங்கு நடக்கும் ஓட்டத்தில் பரிசும் இல்லை, முதலிடமும் இல்லை. நடக்கலாம், சைக்கிளில் போகலாம், சக்கர நாற்காலியிலும் வரலாம். நான் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கலந்துகொள்கிறேன். மளிகைக் கடையிலும் கோயிலிலும் தெரிந்தவர்களிடம் தலைக்கு ஐந்து டாலர் கேட்பேன். பெரிய தொகை கேட்டால் ஆட்கள் யோசிப்பார்கள், சிறு தொகைக்கு மறுக்கமாட்டார்கள். கேட்டு நிற்கும்போது பலர் தங்கள் வீட்டு நோயாளியைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அதற்கு முன் யாரிடமும் அவர்கள் அதைச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

தங்கச்சி, உங்கள் ஆலையில் உங்களோடு வேலை செய்பவர்களிடம் நூறு நூறு ரூபாயாகக் கேட்டுப் பாருங்கள். பணம் உங்கள் கைக்கு வர வேண்டாம். நேராக அறக்கட்டளைக்கே செலுத்தச் சொல்லி, ரசீது அவரவர் பெயரில் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

வடவள்ளிக்காரி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மறுமொழி தர ஆறு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்க வேண்டும்.

தெற்குவீதி ஐயாவுக்கு: நீங்கள் கேட்டதை நானும் பல இரவுகள் யோசித்தேன். என்னால் கொடுக்க முடிந்தது மூவாயிரம் ரூபாய், அதைக் கொடுத்துவிட்டேன். ஓடப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொன்ன பிறகு, நூற்புப் பிரிவில் வேலை செய்யும் பெண்கள் உட்படப் பலர் கொடுத்து, போன வெள்ளிவரை பதினெட்டாயிரத்து நானூறு ரூபாய் சேர்ந்திருக்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பதால் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: இரண்டாயிரத்துக்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிக்கழிவு கிடைக்காது, பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கே கழிவு உண்டு என்பதை எல்லாரிடமும் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

ஹீமோகுளோபின் 10.8 இருந்தது. மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அத்தையிடம் நானே பேசினேன். அக்காவைப் பற்றியும் பக்கத்துக் கட்டில் அம்மாவைப் பற்றியும் சொன்னபோது சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தம்முடைய தாயும் மார்பில் கட்டி வந்துதான் இறந்தார் என்றும், அந்தக் காலத்தில் அதை வெளியே சொல்லாமல் மறைத்துவிட்டார்கள் என்றும் சொன்னார். பத்தொன்பது ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்கு அது தெரியாது. மறுவாரமே நான் மேமோகிராம் எடுத்துக்கொண்டேன். குறையொன்றும் இல்லை.

இப்போது மகனை டியூஷனில் விட்டுவிட்டு, அதே தெருவிலிருக்கும் மாநகராட்சிப் பூங்காவைச் சுற்றி ஓடுகிறேன். அவனை விடப் போகும் நேரமே என் பயிற்சி நேரமாகிவிட்டது. இந்த யோசனை சொன்னது அவன்தான். நான் ஓடும் நாட்களில் தண்ணீர் வந்தால் கணவர் பார்த்துக்கொள்கிறார். அவருக்குக் காலை ஷிப்ட் இருக்கும் வாரத்தில் எதிர்வீட்டு அக்கா எங்கள் குழாய்க்கும் சேர்த்து வாளி வைக்கிறார். ஆறு வாரத்தில் மூன்று நாட்கள் தவறின. இரண்டு மகளின் காய்ச்சலால், ஒன்று தூக்கமின்மையால்.

மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்ற அளவுக்கு வந்திருக்கிறேன். போன ஞாயிறு ரேஸ்கோர்ஸில் ஒன்றரைச் சுற்று முடித்தேன். இடது கால் முன்னெலும்பில் இலேசான இறுக்கம் இருந்தது. மறுநாள் காலையில் இல்லை. காலைநடை ஐயாவிடம் ஒரு கேள்வி: இந்த இறுக்கம் இருக்கும்போது வரும் ஞாயிறு நான்கு கிலோமீட்டருக்குப் போகலாமா, அல்லது இந்த வாரத்தையே தூரம் குறைக்கும் வாரமாக வைத்துக்கொள்ளலாமா?

காலைநடை

குறையுங்கள், சகோதரி. இரண்டரை கிலோமீட்டர், அதாவது ஒரே சுற்று, அதுவும் பாதி நடையாக. காலணி அடிப்பகுதியின் வெளிவிளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். புதிதாக வாங்குவதானால் கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போய், பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அளவு இடம் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். நவம்பர் நடுவுக்குள் வாங்கிவிட்டால் போட்டிக்குள் கால் அதற்குப் பழகிவிடும். அடுத்த திங்கட்கிழமை கால் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.