டெம்பரேச்சர் மீட்டர் முள் நடுவிலேயே நிற்கிறது, மாற்றியமைத்தவர்கள் உதவவும்

வணக்கம் அண்ணமார், தம்பிமார். நான் மட்டக்களப்பு, என்னிடம் இருப்பது 90களில் வந்த ஜப்பான் டீசல் ஜீப். இஞ்சின் சூடானதும் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்து அப்படியே நின்றுவிடும். செங்கலடியால் பதுளை வீதியில் போய் லுணுகலை, பசறை ஏற்றம் ஏறும்போது நிறுத்தி தெர்மோஸ்டாட் மூடியில் இன்ஃப்ராரெட் கருவியைப் பிடித்தால் 98 பாகை, இங்கே சமதரையில் 84, முள் மட்டும் இரண்டுக்கும் ஒரே இடம்.

இது பழுதில்லை, சின்ன ஏற்ற இறக்கத்துக்கு ஓட்டுநர் பயப்படக்கூடாது என்று வேண்டுமென்றே செய்த வேலை. ஆனால் முள் அசையத் தொடங்கும்போது ஹெட் கேஸ்கட் (இஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கவும் கூடும், அதுதான் என் கவலை.

சென்சரைக் கழற்றி, தண்ணீர்ச் சட்டியில் தொங்கவிட்டு, சூடேற்றிக்கொண்டே மல்டிமீட்டரில் பார்த்தேன். கொதிக்கும்வரை ஓம் அளவு சீராக இறங்குகிறது. அப்போ சென்சர் நல்லது, முள்ளை நிறுத்துவது மீட்டருக்குள்ளே இருக்கும் சர்க்கிட்தான். வயரில் தொடராக ஒரு ரெசிஸ்டர் போட்டால் முள் மொத்தமாகக் கீழே இறங்குமே தவிர நடுவில் இருக்கும் அந்தச் செத்த இடம் (சூடு மாறினாலும் முள் அசையாத பகுதி) போகாது என்றே நினைக்கிறேன், பிழை என்றால் சொல்லுங்கள்.

மீட்டரைத் திறந்து இதை மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்தப் பாகத்தை எடுத்தீர்கள், எத்தனை ஓம் போட்டீர்கள்? 82 பாகையில் பாதிக்குக் கீழேயும் 100 பாகையில் முக்காலிலும் முள் நின்றால் எனக்குப் போதும். அல்லது ரேடியேட்டர் மேல் ஹோஸில் தனி சென்சர் வைத்து வேறு மீட்டர் பூட்டுவதுதான் நல்லதா? கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் மீட்டர் திறந்து வேலை செய்பவர் தெரிந்தாலும் சொல்லுங்கள், ஜீப்பைக் கொண்டு வருகிறேன்.