ஜப்பானியக் காற்பந்துக் குழுக்கள் ஆசிய அளவில் ஏன் தடுமாறுகின்றன?

செம்பனைக்காரன், சுங்கை சிப்புட்:
2008இல் கம்பா ஒசாகா வென்ற பிறகு, 2017 வரை எந்த ஜப்பானியக் குழுவும் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் கிண்ணத்தை வெல்லவில்லை. வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் தரம் குறைந்ததுதான் காரணமா?

பழைய கோல்காவலர்:
பெரும்பாலும் அதுதான், தம்பி. 2007இல் ஜப்பானின் உராவா குழுவுக்கு வாஷிங்டன், போந்தே என்ற பிரேசில் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். பின்னர் சீனக் குழுவான குவாங்சோ எவர்கிராண்ட் பணத்தைக் கொட்டித் தென்னமெரிக்கர்களை வாங்கி, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் கிண்ணத்தைக் கொண்டுபோனது. இப்போது சவூதியின் முறை: 2025 இறுதியாட்டத்தில் வெளிநாட்டு நட்சத்திரங்களான ஃபிர்மினோவும் மாரெஸும் ஆடிய சவூதிக் குழு அல் அஹ்லியிடம் ஜப்பானின் கவாசாகி 0-2 எனத் தோற்றது.

தோட்டத்துத் திடல்:
அண்ணன் சொல்வது பாதிதான் சரி. 2022இல் ஜொகூரில் நம் மலேசியக் குழுவான ஜேடிடியை (ஜொகூர் டாருல் தாக்சிம்) 5-0 என நொறுக்கிய அதே கவாசாகி, தென்கொரியாவின் உல்சானிடம் தோற்று, பிரிவில் ஜேடிடிக்குப் பின்னால் நின்று வெளியேறியது. கவாசாகியின் ஜப்பானிய ஆட்டக்காரர்கள் மித்தோமாவும் தனாக்காவும் முந்தைய ஆண்டே ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். அந்த இடங்களை எந்தப் பிரேசில்காரர் நிரப்புவார்?

செம்பனைக்காரன்:
ஆனாலும் உராவா கிண்ணத்தை வென்ற 2017 இறுதிச் சுற்றின் இரண்டு ஆட்டங்களிலும் அதற்குக் கோல் போட்டவர் ரஃபாயெல் சில்வா என்ற பிரேசில்காரர்தானே!