மலையிலும் அடிவாரத்திலும் குழுத் திட்டத்தில் இருந்தவர்கள் எழுதுங்கள்

கொடைரோட்டான்:
சிறுமலையில் எலுமிச்சை ஊறுகாய்த் திட்டம். மகளிர் குழு, மானிய மெஷின், லேபிள் எல்லாம் தயார். நான் களப்பணியாளர். சார்ட் பேப்பரில் வரவு, செலவு, லாபம் எழுதி ஒட்டி முடித்ததும் பின்னாலிருந்து ஒரு அம்மா கேட்டார்: "சார், குதிரைக்குக் கொள்ளு எந்த வரியில இருக்கு?"

மேலே போனவர்களுக்குத் தெரியும், ரோடு இல்லாத தோட்டத்திலிருந்து பழம் இறங்குவது பொதிக்குதிரையில்தான். மலைப் பழம் ஏலம் போகும் திண்டுக்கல் சிறுமலை செட் சந்தையில் விலை சரிந்தாலும் பொதிக்கூலி சரியாது. அந்த வாரங்களில் பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவார்கள். எங்கள் கணக்கோ, மூட்டை ரோட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. மேலதிகாரி "இதர செலவுகள்" என்ற வரியைத் தொட்டுக் காட்டினார். அந்த அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

பேரையூர் மானாவாரி:
எங்களுக்குக் குதிரை இல்லை, குதிரைவாலிதான். சாப்டூர் மலையடிவாரத்தில் குழுவே வாங்கி, உமி நீக்கி, பாக்கெட் போட்டு மதுரையில் விற்பதாகத் திட்டம். 2023 சிறுதானிய ஆண்டு வேறு, கேட்கவா வேண்டும். நூறு கிலோ அரைத்தால் அறுபது சொச்சம் அரிசி தேறும். தவிடு போகாத அரிசி சில மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும், கடைக்காரர் திருப்பி அனுப்புவார். அதையெல்லாம் சமாளித்தோம். தை மாதம் கமிஷன் கடை வாசலில் எங்கள் குழுப் பொருளாளரே தன் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒளியக்கூட இல்லை. "தம்பி, குழுவில பணம் வர இருபது நாள் ஆகும். விதைப்புக்கு இவருகிட்டதான் கடன் வாங்குனேன்" என்றார். இந்த வியாபாரிகள் இருக்கும்வரை எந்தக் குழுவும் தேறாது.

வரப்பு:
பேரையூர் நண்பரே, வியாபாரியை ஏன் திட்டுகிறீர்கள்? மழையை நம்பி விதைக்கிறவனுக்கு ஜாமீன் கேட்காமல் பணம் கொடுக்க வேறு யார் வந்தார்கள்? நான் இருந்த செக்கானூரணி குழுவும் கலைந்தது, அது போகட்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக, அதாவது உழவர்களே பங்குதாரர்களாக இருக்கும் கம்பெனியாகப் பதியுங்கள். 2020ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் சமவெளிக்கு 300 உறுப்பினர் வேண்டும், மலைப்பகுதிக்கு 100 போதும் என்று வைத்தார்கள். உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை பங்குத்தொகைக்கு ஈடாக மானியம், நிறுவனத்துக்கு 15 லட்சம் உச்சவரம்பு. மேலாளர் சம்பளம், ஆபீஸ் செலவு வகையில் 3 வருடத்துக்கு 18 லட்சம் வரை. நாலாம் வருடம் சம்பளம் யார் தருவது என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். அறுத்த கையோடு விற்காதீர்கள். அரசின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இருப்பு வைத்தால், அந்த விளைபொருளை அடமானமாக வைத்து மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன், 180 நாள் தவணை. ஈரப்பதம் பார்ப்பார்கள், நன்றாகக் காயப்போடுங்கள். தார்ப்பாய் வாங்கி வையுங்கள். கணக்கை வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், சண்டை வரும்.

நத்தம் ரோடு:
வரப்பு ஐயா, எட்டு மூட்டை வைத்திருப்பவர் திருமங்கலம் கூடத்துக்குத் தனி வண்டி பிடித்தால் கடன் வாங்கி வாடகைதான் கட்ட வேண்டும்.

மதுரைப் பக்கம் 1990ல் தொடங்கிய களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுக்களில் பிறகு என் அம்மாவும் சேர்ந்தார். ஊறுகாயும் போடவில்லை, பாக்கெட்டும் போடவில்லை. வட்டிக்காரரிடம் இருந்த கடனைக் குழுக்கடனாக மாற்றினார்கள், அவ்வளவுதான். அந்த வருடம் மழை பொய்த்தும் வீட்டு வாசலில் யாரும் வந்து சத்தம் போடவில்லை. குழுவால் எங்கள் வீடு கண்ட லாபம் அதுதான்.

இப்போது எங்கள் ஊர்க் குழுவில் கொள்முதலை நிறுத்திவிட்டோம். யாரிடம் விற்பது என்பது அவரவர் பாடு. சேர்ந்து ஒரு லோடு ஆட்டோ மட்டும் ஓட்டுகிறோம், மூட்டைக்கு இவ்வளவு என்று. அது ஓடுகிறது. டிரைவர் சம்பளத்தில்தான் சண்டை, அவர் தலைவியின் கொழுந்தன்.