ஸ்ப்ரே அடித்தும் 200 கிலோமீட்டருக்குள் காய்ந்துவிடும் செயின்

என் 150 சிசி பைக்கில் 18,000 கிலோமீட்டர் ஓடிய ஓ-ரிங் செயின் (கண்ணிகளுக்குள் கிரீஸை அடைத்து வைக்கும் ரப்பர் வளையங்கள் உள்ளது), ஸ்ப்ரே லூப்ரிகண்ட் அடித்த 200 கிலோமீட்டருக்குள் காய்ந்து கீச்சிடுகிறது. அடித்ததில் பெரும்பகுதி பின்சக்கர ரிம்மில் கறுப்புத் துளிகளாகத் தெறிக்கிறது. மழையில் தொடர்ந்து ஓட்டிய பின், 2 மாதங்களாக இந்த நிலை.

மண்ணெண்ணெயில் கழுவி, உலரவிட்டு, செயினின் உட்புறத்தில் மெலிதாக அடித்து, இரவு முழுவதும் அப்படியே விட்டும் பார்த்தேன். வேறு ஸ்ப்ரேயும் மாற்றியாயிற்று. தளர்வு 25 மில்லிமீட்டர், கையேட்டின் அளவுக்குள்தான் இருக்கிறது.

என்னை மிகவும் உறுத்துவது, அடுத்தடுத்த 3 கண்ணிகள் மட்டும் மடங்க மறுப்பதும் அவற்றின் ஓரத்தில் செம்பழுப்புத் துரு கசிவதும்தான். வெளியிலிருந்து அடிக்கும் ஸ்ப்ரே ஓ-ரிங்கைத் தாண்டி உள்ளிருக்கும் கிரீஸை ஈடுசெய்யாது என்பதால் கேட்கிறேன்: செயினையும் இரு ஸ்பிராக்கெட்டுகளையும் (பல்சக்கரங்களையும்) ஒன்றாகவே மாற்றிவிட வேண்டுமா, இந்தச் செயினைக் காப்பாற்ற இன்னும் வழி உண்டா?