ஏலக்கூடத்திலும் கடற்கரையிலும் புகைத்தடை: கிராம சபைத் தீர்மானத்தை எப்படி எழுதுவது?

கேள்வி – உச்சிப்புளிக்காரன்

வணக்கம். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடைப்பட்ட ஒரு மீனவ ஊரில் வசிக்கிறேன். எங்கள் பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் புகைத்தடைப் பலகை உப்புக்காற்றில் துருவேறி, அபராதத் தொகை எழுதியிருந்த மூலையே உதிர்ந்துவிட்டது. அதைப் புதுப்பிப்பதோடு நில்லாமல், வரும் அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவர விரும்புகிறோம். ஏலக்கூடமும் கடற்கரையும் திறந்தவெளி என்பதால் சட்டம் அங்கே செல்லாது என்று சிலர் சொல்கிறார்கள். பேனா போன்ற இ-சிகரெட்டை இழுக்கும் இளைஞர்களோ, அது புகையே அல்ல, வெறும் ஆவிதான் என்கிறார்கள். இவ்விரண்டுக்கும் பதில் சொல்லும்படி தீர்மானத்தை எப்படி எழுதுவது?

பதில் 1 – ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்

சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம், 2003, ‘பொது இடம்’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் திறந்தவெளியை விலக்கியிருப்பது உண்மைதான். ஆனால் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகள், திறந்த அரங்கம், ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம் போன்று மக்கள் வந்துபோகும் இடங்களைத் திறந்தவெளிக் கணக்கில் சேர்க்க முடியாது என்று தெளிவாக்கிவிட்டன. விடியலில் ஊரே கூடும் ஏலக்கூடம் இதற்குள் அடங்கும் என்பதே என் கருத்து. மணற்பரப்பு முழுவதையும் ‘கடற்கரை’ என்று பொதுவாக எழுதினால் வாதத்துக்கு இடமாகும். ஆகவே ஏலக்கூடம், வலை செப்பனிடும் கொட்டகை, படகுத்துறை என்று இடத்தின் பெயரைச் சொல்லியே எழுதுங்கள்.

அந்தச் சட்டம் ‘புகைபிடித்தல்’ என்று குறிப்பது புகையிலையைப் புகைப்பதை மட்டுமே. நிகோட்டின் திரவத்தைச் சூடாக்கி இழுக்கும் கருவி அதில் சரியாகப் பொருந்துவதில்லை. இ-சிகரெட்டுக்கென 2019-இல் வந்த தனிச்சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடைசெய்து, முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. இழுப்பவருக்கென்று அதில் தனித் தண்டனைப் பிரிவு இல்லை. இந்த இடைவெளிக்காகத்தான் உங்கள் தீர்மானத்தில் அதற்கென ஒரு தனி வரி வேண்டும் என்கிறேன். அபராதத்தை மட்டும் நீங்களாக ஆயிரம், இரண்டாயிரம் என்று உயர்த்தி எழுத வேண்டாம். பொது இடத்தில் புகைப்பதற்குச் சட்டம் சொல்வது 200 ரூபாய் வரை. அதை மீறிய ஊர்க்கட்டுப்பாடு கேள்வி கேட்டால் நிற்காது.

பதில் 2 – தொண்டிக் கரையாள்

நான் வலைக்காரர் வீட்டுப் பெண். நைலான் வலையில் பீடிக்கங்கு விழுந்தால் நூல் உருகிச் சுருண்டு, மிளகளவு கறுப்பு முடிச்சாக இறுகிவிடும். அதை அறுத்தெடுத்துச் சுற்றிலும் உள்ள கண்களை மறுபடி பின்ன என் தந்தை அரைநாள் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. புகைப்பவர் பத்தடி தள்ளிப் போகலாம். கூடையை முன்னால் வைத்துக்கொண்டு ஏலத்துக்குக் காத்திருக்கும் பெண் எங்கே போவாள்? தீர்மானத்தை அவளை மனத்தில் வைத்து எழுதுங்கள்.

அதே வேளையில், இரவெல்லாம் கடலில் கிடந்து கரையேறுகிறவரைப் பலர் முன்னால் பிடித்து அவமானப்படுத்துவதாகவும் இது ஆகிவிடக் கூடாது. கூரைக்கு வெளியே, டீசல் கேன்கள் இல்லாத பக்கமாக ஓர் இடத்தைக் காட்டிவிடுங்கள். வாடை வீசும் மாதங்களுக்கு ஓர் இடமும் கச்சான் வீசும் மாதங்களுக்கு வேறோர் இடமும் வேண்டியிருக்கும்; காற்று திரும்பினால் புகை முழுவதும் ஏலக்கூடத்துக்குள்தான் வரும்.

பதில் 3 – ஏர்வாடி தேநீர்க் கடைக்காரர்

தடையுள்ள இடத்தில் தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் எதையும் வைத்துத் தரக் கூடாது என்று 2008 விதியிலேயே இருக்கிறது. நிறுத்தத்தை ஒட்டிய என் கடைத் தூணில் பீடி பற்றவைப்பதற்காகப் பல வருடங்களாகப் புகைந்துகொண்டிருந்த கயிற்றை நான் அவிழ்த்துவிட்டேன். முதல் வாரம் முணுமுணுத்தார்கள். பிறகு குழந்தையோடு வருகிறவர்கள் உள்ளே வந்து உட்காரத் தொடங்கினார்கள். கடைக்காரர்களைக் கூட்டத்துக்கு முன்பே நேரில் பார்த்துப் பேசிவிடுங்கள், ஐயா. பள்ளியிலிருந்து நூறு கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்பதையும் அப்போதே நினைவூட்டலாம்.

உச்சிப்புளிக்காரன்

மூவருக்கும் நன்றி. வரைவு இப்படி வந்திருக்கிறது: “பேருந்து நிறுத்தம், ஏலக்கூடம், வலைக் கொட்டகை, படகுத்துறை ஆகிய இடங்களில் பீடி, சிகரெட் புகைப்பதும் இ-சிகரெட் இழுப்பதும் கூடாது என இச்சபை தீர்மானிக்கிறது.” காற்றுக்கேற்ற இரண்டு இடங்களைத் தொண்டி அக்கா சொன்னபடியே குறித்துவிட்டோம். புகார் பெறுபவரின் பெயரையும் அறிவிப்பில் காட்ட வேண்டும் என்பதால், ஏலக்கூடத்துக்கு மீன் விற்கும் பெண் ஒருவரைக் கேட்டோம், அவர் ஒப்புக்கொண்டார். தகரம் இங்கே நிலைக்காது என்பதால், இந்த முறை அறிவிப்பைச் சுவரிலேயே எழுதப் போகிறோம்.