சூமோ (போக்குவரத்து சிமுலேஷன் மென்பொருள்): எண்ணிக்கை பொருந்துது, கியூ மட்டும் இரட்டிப்பா வருது

கேள்வி:
நாலு முனை சிக்னல் சந்திப்பு. வடக்கு முனையில் சிவப்பு முடியும்போது நிஜக் கியூ 140 மீட்டர், சிமுலேஷனில் 310. ஆனா சந்திப்பைத் தாண்டின டிடெக்டர்களில் எல்லா முனைக்கும் ஜிஇஎச் (நிஜ எண்ணிக்கைக்கும் சிமுலேஷன் எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தின் அளவு, குறைந்தா நல்லது) 5-க்குள் இருக்கு. பாதிக்கு மேல் பைக். கிராஸ் மாடல் (முன் வண்டியைப் பின்தொடரும் விதி), டாவ் (முன் வண்டிக்கு விடும் நேர இடைவெளி) 1.0 விநாடி, மின்கேப் (நிற்கும்போது முன் வண்டிக்கு விடும் இடைவெளி) 2.5 மீட்டர், எல்லாம் டிஃபால்ட். டாவைக் குறைக்கலாமா?

பதில் 1:
டாவை இப்போ தொடாதீங்க. லேட்டரல்-ரெசல்யூஷன் (லேனைப் பக்கவாட்டில் பிரிக்கும் பட்டையின் அகலம், மீட்டரில்) கொடுத்தீங்களா? கொடுக்கலைன்னா ஒரு லேனில் பைக்கும் பஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாத்தான் நிற்கும். கியூ நீளத்தான் செய்யும். 0.4 கொடுங்க (ஓட்டம் மெதுவாகும்). பைக்குக்கு லேட்அலைன்மென்ட் (லேனுக்குள் எந்தப் பக்கம் போகணும்) 'ஆர்பிட்ரரி' (எங்கே வேணும்னாலும்), பக்கவாட்டு இடைவெளி டிஃபால்ட் 0.6 மீட்டரை 0.2–0.3 ஆக்குங்க. மின்கேப் 2.5 நம்ம சிக்னலுக்கு ரொம்ப அதிகம். நின்ற வண்டிகளின் இடைவெளியை வீடியோவிலேயே அளக்கலாம், அதையெல்லாம் ஆப்டிமைசரிடம் (மதிப்புகளைத் தானே தேடும் நிரல்) விடாதீங்க.

பதில் 2:
அந்த ஜிஇஎச்சை நம்ப வேண்டாம். 300 விநாடி நகராத வண்டியை சூமோ டெலிபோர்ட் பண்ணி அடுத்த சாலையில் போட்டுடும். உங்க டிடெக்டர் அதையும் எண்ணும். டைம்-டு-டெலிபோர்ட் -1 வைத்து (டெலிபோர்ட்டை அணைத்து) ஓட்டிப் பாருங்க. உள்ளே நுழைய இடமில்லாம வெளியே காத்திருக்கும் வண்டிகளையும் டிரிப்இன்ஃபோவில் (வண்டிவாரியான பயண அறிக்கை) டிபார்ட்டிலேயில் (புறப்பாட்டுத் தாமதம்) பாருங்க.
15 நிமிட எண்ணிக்கையை அப்படியே சூத்திரத்தில் போட்டீங்களா? ஜிஇஎச் மணிக்கணக்குக்கானது. மணிக்கு 900-க்கு 1050 வந்தா 4.8, அதையே கால் மணிக்குப் போட்டா 2.4. பாதியாயிடும்!

பதில் 3:
இன்னொன்று: தேவையை எங்கே எண்ணினீங்க? பச்சையில் கியூ தீராத முனையில் ஸ்டாப் லைனில் எண்ணினால் கிடைப்பது சிக்னலின் கொள்ளளவு, வர்ற வண்டி இல்லை. கியூ வாலுக்குப் பின்னால் எண்ணணும்.
டாவ் கடைசியில். பச்சையின் முதல் சில விநாடிகளை விட்டுட்டு, கியூ தீரும்வரை மீட்டர் அகலத்துக்கு எத்தனை வண்டி போகுதுன்னு வகைவாரியா எடுத்து, அதுக்குப் பொருந்துமாறு டாவை மாற்றுங்க. ஸ்டெப்-லெங்த் (சிமுலேஷனின் நேரப் படி) 1 விநாடியிலேயே இருக்க டாவை 0.7 ஆக்கினா மோதல் வரலாம், ஸ்டெப்-லெங்த்தை 0.5-க்கு இறக்குங்க. ஒரே சீடில் (ரேண்டம் தொடக்க எண்) முடிவெடுக்காதீங்க, குறைந்தது பத்து சீடில் ஓட்டுங்க. பொருத்தினதைச் சோதிக்க வேறொரு நாள் வீடியோ வேணும்.

கேட்டவர்:
லாக்கில் 63 டெலிபோர்ட், எல்லாம் வடக்கு முனை. எண்ணினது ஸ்டாப் லைனில்தான். வீடியோவில் கியூ வால் தெரியலை, மறுபடி எடுக்கணும்.