இரண்டு பெண்கள், ஓர் அறை: பாலியல் தொழிலில் விருப்பம் எது, குற்றம் எது?

வைகைக்கரையான்:
“2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் பாலியல் தொழிலைச் சட்டபூர்வமாக்கிவிட்டது, இனி அது அவரவர் விருப்பம், தலையிட எவருக்கும் உரிமையில்லை” என்று நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து என் மனம் ஆறவில்லை. கந்துவட்டிக்காரனுக்குப் பயந்தும், குடிகாரக் கணவனிடமிருந்து தப்பியும், கடைசியில் தரகன் கையில் சிக்கிய பெண்ணைப் பார்த்து, ‘இது உன் விருப்பம்’ என்று சொல்ல எப்படி நா எழுகிறது? பசித்த வயிறு எடுக்கும் முடிவுக்கு விருப்பம் என்று பெயரிடுவது அநியாயம்.

களப்பணி தேன்மொழி:
ஐயா, அந்த நண்பர் சொன்னது தவறு. தாங்கள் சொல்வதும் பாதிதான் சரி. 1956ஆம் ஆண்டின் விபச்சாரத் தடுப்புச் சட்டம், வயதுவந்த ஒரு பெண் பணம் பெற்று உறவு கொள்வதைக் குற்றமென்று எங்கும் சொல்லவில்லை. அதைச் சுற்றியுள்ள அனைத்தையும்தான் குற்றமாக்கியது. பொது இடத்தில் நின்று அழைத்தால் 8ஆம் பிரிவு. கோயிலுக்கோ பள்ளிக்கோ 200 மீட்டருக்குள் என்றால் 7ஆம் பிரிவு. எல்லாவற்றையும்விடக் கொடியது 2ஆம் பிரிவு. பிறருடைய லாபத்துக்காக மட்டுமல்லாமல், இரண்டு பெண்கள் தங்கள் இருவரின் லாபத்துக்காகப் பயன்படுத்தும் அறையையும் அது விபச்சார விடுதி என்கிறது. அதாவது, தனியாக இருப்பவளின் அறை வெறும் அறை. பயத்தில் ஒரு தோழியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டால் அதுவே விடுதி. இந்த இரண்டு பெண்கள் யாருக்கு என்ன தீங்கு செய்தார்கள்?

வைகைக்கரையான்:
அந்த அறைக்கு முன்பணம் கொடுத்தவன் யார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். இரண்டு பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டால், நாளை இருபது பேரை அடைத்து வைத்திருக்கும் தரகனும் அதே ‘இரண்டு பெண்கள்’ என்ற சாக்கைத்தான் சொல்வான். 2002இல் தாராளமாகச் சட்டம் இயற்றிய ஜெர்மனி, 2017இல் பதிவு, உரிமம் என்று இன்னொரு சட்டம் போட வேண்டி வந்தது ஏன்? விபச்சாரிகளுக்கு நல்லது செய்வதாகச் சொல்லித் தரகர்களுக்கு நல்லது செய்துவிடாதீர்கள்.

குறிஞ்சி:
வைகைக்கரையான் ஐயா, தங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் ‘விபச்சாரி’ என்ற அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு ஒரு வசைச்சொல் வைத்திருக்கிறோம். பணம் கொடுத்து வருகிற ஆணுக்கு அப்படி ஒரு சொல்லைக்கூட நம் மொழி வைக்கவில்லை. வாங்குகிற ஆணைப் பற்றி இதுவரை இங்கே ஒரு வரியும் இல்லை. ஸ்வீடன் 1999இல் வாங்குபவனைக் குற்றவாளியாக்கிப் பெண்ணை விட்டுவிட்டது. பிரான்ஸ் 2016இல் அவ்வழி சென்றது. எனக்கு அதுவே நியாயமாகப் படுகிறது.

வைகைக்கரையான்:
சட்டத்தின் பெயரிலேயே இருக்கும் சொல்லைத்தான் நானும் எழுதினேன். சொல்லை மாற்றினால் அவள் கடன் அடைந்துவிடுமா?

களப்பணி தேன்மொழி:
சொல்லைப் பற்றிப் பிறகு சண்டையிடலாம். அந்த இரண்டு பெண்களுக்குத் தாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. வாங்குபவனைத் தண்டித்தால் அவன் இருட்டான இடத்துக்கு வரச் சொல்வான். அங்கே போகப்போவதும் இவள்தான், சகோதரி குறிஞ்சி.

எச்.ஐ.வி. தடுப்புப் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அப்படி ஓர் அறைக்குப் போயிருக்கிறேன். இரண்டு பாய்கள், தாழ்ப்பாள் உடைந்த ஒரு கதவு. ஒருத்தி உள்ளே இருக்கும்போது மற்றவள் வாசலில் அமர்ந்து, சிறிது நேரத்துக்கு ஒருமுறை எவர்சில்வர் சொம்பைத் தரையில் தட்டுவாள். உள்ளேயிருந்து இருமல் சத்தம் வந்தால் எல்லாம் சரி என்று பொருள். அந்த இருமல் வராத ஓர் இரவில்தான் வாசலில் இருந்தவள் கதவைத் தள்ளிக்கொண்டு போய்த் தோழியின் கழுத்திலிருந்து ஒருவனுடைய கையைப் பிரித்திருக்கிறாள். சட்டத்தின் கண்ணில் அந்தச் சொம்புச் சத்தம் விடுதி நடத்தியதற்கான அடையாளம். நாங்கள் கொடுத்த ஆணுறைகளையே சோதனைக்கு வந்த காவலர்கள் சாட்சியாக எடுத்துப்போனார்கள். அவர்களில் ஒருத்தியின் மகன் பதினெட்டு வயது முடிந்து கல்லூரியில் சேர்ந்திருந்தான். தாயின் வருமானத்தில் சாப்பிட்டதற்காக அவன் மீதும் 4ஆம் பிரிவு பாயும், இரண்டு ஆண்டு வரை சிறை என்று மிரட்டினார்கள். தாங்கள் தேடுகிற தரகன் அங்கே இல்லை, ஐயா. இரண்டு பெண்கள் மட்டுமே இருந்தார்கள்.

சட்ட மாணவன்:
ஒரு திருத்தம். 2022இல் வந்தது, முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குச் சிறப்பு அதிகாரம் தரும் அரசியலமைப்பின் 142ஆம் உறுப்பின்கீழ், நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை நடைமுறையில் இருக்கத் தரப்பட்ட இடைக்கால வழிகாட்டுதல்கள். அந்த வழக்கில் நீதிமன்றம் அமைத்த குழு அளித்த பரிந்துரைகளில் சிலவற்றை ஒன்றிய அரசு ஏற்கத் தயங்கியதும் அந்த ஆணையிலேயே பதிவாகியிருக்கிறது. ஆதார் அட்டை வழங்குவது, காவல்துறை கண்ணியமாக நடத்துவது போன்றவை அதில் உண்டு. 2ஆம் பிரிவின் விளக்கம் அப்படியே இருக்கிறது.

களப்பணி தேன்மொழி:
நன்றி தம்பி. அந்த வழக்கு எங்கே தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். 1999இல் கொல்கத்தாவில் ஒரு பெண் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கு அது. வெளியே சொம்பைத் தட்ட ஒருத்தி இருந்திருந்தால் என்று நான் நினைத்துப் பார்க்காத நாளில்லை. நியூசிலாந்தின் 2003 சட்டத்தில், தத்தம் வருமானத்தைத் தாமே வைத்துக்கொள்ளும் நான்கு பேர் வரை ஒரே இடத்தில் தொழில் செய்ய உரிமம் தேவையில்லை. தரகனை விலக்கிப் பெண்களை மட்டும் காக்கச் சட்டம் எழுத முடியும் என்பதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

வைகைக்கரையான்:
60க்கு 59 என்று ஒரே ஒரு வாக்கில் நிறைவேறிய சட்டத்தை எங்களுக்குப் பாடமாக வைக்கிறீர்கள். அங்கே கந்துவட்டி இல்லை, சாதி இல்லை. முன்பு நாம் நடத்திய மதுவிலக்கு விவாதத்திலும் தாங்கள் இப்படித்தான், கண்ணால் கண்டேன் என்று ஒரு வீட்டைக் காட்டி ஊர் முழுவதற்கும் தீர்ப்பு எழுதினீர்கள். அன்று என்னைப் பெண்களின் துயரம் அறியாதவன் என்று எழுதியதை நான் மறக்கவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் போராடி, 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்த மண் இது. அன்றும் ‘எங்கள் விருப்பம்’ என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

குறிஞ்சி:
முத்துலட்சுமி அம்மையாரைத் தங்கள் பக்கம் இழுக்காதீர்கள், ஐயா. அவருடைய தாயே அந்தச் சமூகத்தில் பிறந்தவர். அவர் பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்தாரே தவிர அந்தப் பெண்களைச் சிறைக்கு அனுப்பக் கேட்கவில்லை. தங்கள் வாயிலிருந்து அந்த வசைச்சொல்லுக்கு வருத்தமும் இன்னும் வரவில்லை.

வைகைக்கரையான்:
வருத்தம் தெரிவிக்க நான் தவறேதும் செய்யவில்லை. சிறைக்கு அனுப்பு என்று நான் எந்த வரியில் எழுதினேன், காட்டுங்கள்.

களப்பணி தேன்மொழி:
விடுதி என்ற விளக்கம் அப்படியே இருக்கட்டும் என்று தாங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் அவளைச் சிறைக்கு அனுப்புகிற வரிதான். மதுவிலக்கு விவாதத்தில் எழுதியதை இன்றும் எழுதுவேன். நான்காவது முறையாகக் கேட்கிறேன்: அன்றிரவு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவள் குற்றவாளியா, இல்லையா?

வைகைக்கரையான்:
அந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருந்தது என்று நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அம்மா. அதை முதலில் சொல்லுங்கள்.